விலையில்லா மென்பொருளும் எளிய அமைவும்: கணினி இயக்கும் பட்டறை இயந்திரங்கள் பற்றி ஒரு பாடம்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது நம் முன்னோர் வாய்மொழி. பொருள் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அதன் விலையினும் மிகுதியாகச் செலவாகிவிடுகிறது. பட்டறை இயந்திரங்களைக் கணினியால் இயக்கும் திறமூல மென்பொருள்களுக்கு இப்பழமொழி நெடுங்காலம் பொருத்தமாக இருந்து வந்தது. அவற்றைப் பெறுவதற்கு ஒரு காசும் வேண்டா. ஆனால், அவற்றை நம் இயந்திரத்திற்கு ஏற்ப அமைப்பதற்கு நாள் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில், உழைப்புத் தேவைப்பட்டது. இந்தச் சுமைகூலியைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை, அவற்றால் நம் இளைஞர்கள் பெறும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புற இளைஞர் கூட்டம் ஒன்றில் கைத்தொழில் பற்றிப் பேசினேன். “மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியில் பதிந்துகொண்டால் போதும், இயந்திரம் இயங்கும்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். அதனைக் கேட்ட இளைஞர் ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு பழைய சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கினார். மூன்று வாரம் போராடியும் அமைவு கைகூடவில்லை. இறுதியில், வேறு எவரோ தம் இயந்திரத்திற்காக எழுதி வைத்திருந்த அமைவுக் கோப்பை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார். மேசையை 120 மில்லிமீட்டர் நகர்த்துமாறு கட்டளையிட்டார். மேசையோ அந்த எல்லையில் நில்லாமல் ஓடி, கோடியில் மோதியது. கப்ளிங் உடைந்தது, வெட்டும் கருவி முறிந்து தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தமையால் அவருடைய கண் தப்பியது.

“கேட்க வெட்கமாக இருந்தது, ஐயா. சுலபம் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்துவிட்டேன்” என்றார் அவர்.

அந்தச் சொற்கள் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றன. பிழை அவருடையது மட்டுமன்று. பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்த என்னுடையதும் ஆகும். அன்று நான் சொல்லாமல் விட்ட மறு பாதியே இப்பாடம்.

இயந்திரம் இயங்கும் முறை

லேத், மில்லிங் முதலிய இயந்திரங்களில் கைப்பிடியைச் சுழற்றி மேசையை நகர்த்துவது பழைய முறை. கைப்பிடிக்குப் பதிலாக மோட்டாரைப் பொருத்தி, அம்மோட்டாரை எண்களால் கட்டுப்படுத்துவது புதிய முறை. இத்தகைய மில்லிங் இயந்திரம் ஒன்றினை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில் மக்கள் முன் இயக்கிக் காட்டினர். அக்காலத்தில் எண்கள் துளையிட்ட நாடாவில் பதிக்கப்பட்டன. பின்னர் அந்த இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. இதுவே சி.என்.சி. என்று நாம் அழைக்கும் முறையாகும்.

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, கட்டளை. “ஜி1 எக்ஸ்50 எஃப்300” என்று எழுதினால், எக்ஸ் அச்சில் 50 என்னும் இடத்திற்கு, நிமிடத்திற்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் செல்க என்பது பொருள். இரண்டாவது, அக்கட்டளையைப் படித்து மின்துடிப்புகளாக மாற்றும் மென்பொருள். மூன்றாவது, அத்துடிப்புகளைப் பெற்று மோட்டாரைச் சுழற்றும் டிரைவர் என்னும் மின்கருவி. சிறிய இயந்திரங்களில் ஸ்டெப்பர் மோட்டார் பயன்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிற்கும் அது ஒரு சிறு படி திரும்பும்.

இவற்றுள் இரண்டாவதான மென்பொருளே நம் பாடத்தின் மையம்.

பொதுச் சொத்தான மென்பொருள்

தொழிற்கூட இயந்திரங்களின் கட்டுப்பாட்டு மென்பொருள் நெடுங்காலம் இயந்திரத்தை விற்கும் நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தது. அதன் உள்ளமைப்பை மற்றவர் காண இயலாது. 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசின் தரப்பாட்டு நிறுவனமான ‘நிஸ்ட்’ ஒரு திறந்த கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியது. அதற்கு ‘இ.எம்.சி.’ என்று பெயர். அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர் பணியின்பொருட்டு எழுதும் படைப்புக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. ஆதலால் அம்மென்பொருள் பொதுச் சொத்தாயிற்று.

பின்னர் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதனை ஏற்று வளர்த்தனர். பெயர் உரிமை பற்றி எழுந்த சிக்கலின் காரணமாக அது ‘லினக்ஸ்-சி.என்.சி.’ என்னும் புதுப்பெயர் பெற்றது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

இதனின்றும் வேறான இன்னொரு மென்பொருள் ‘கெர்பல்’ என்பது. நார்வே நாட்டவரான சிமன் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் இதனை 2009ஆம் ஆண்டில் தொடங்கினார். ஆர்டுயினோ என்னும் மலிவான சிறு மின்பலகையிலேயே இது இயங்கும். சிறிய மரச்செதுக்கு இயந்திரங்கள் பலவற்றில் இதனைக் காணலாம்.

சுமைகூலி எங்கே ஏறியது?

ஒரு நிறுவனம் தன் இயந்திரத்தோடு மென்பொருளை விற்கும்போது, அமைவு முழுவதையும் தானே செய்து கொடுத்துவிடுகிறது. திறமூல மென்பொருளோ எந்த இயந்திரத்திற்கும் பொருந்த வேண்டும். இரண்டு அச்சுடைய லேத்தும், ஐந்து அச்சுடைய பெரிய இயந்திரமும், இயந்திரக் கையும் அதனால் இயங்க வேண்டும். ஆகவே, “உன் இயந்திரம் எத்தகையது?” என்னும் கேள்விக்கு உரிய விடையை உரிமையாளரே எழுதித் தர வேண்டியவராகிறார்.

லினக்ஸ்-சி.என்.சி.யில் இவ்விடை குறைந்தது இரண்டு வகைக் கோப்புகளில் எழுதப்படுகிறது. ஒன்று, அச்சுகளின் நீளம், வேகம், முடுக்கம் முதலிய எண்களைக் கொண்ட ‘ஐ.என்.ஐ.’ கோப்பு. மற்றொன்று, எந்தக் குறிப்பு எந்தக் கம்பி வழியே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லும் ‘ஹால்’ கோப்பு. பின்னது ஒரு மின்சுற்றைச் சொற்களால் வரைவது போன்றது. ஓர் எழுத்துப் பிழையானாலும் மென்பொருள் தொடங்காது. தொடக்கக் காலத்தில் இவை யாவும் கையாலேயே எழுதப்பட்டன. கையேடுகளோ ஆங்கிலத்தில், பொறியியல் அறிந்தோர்க்கென எழுதப்பட்டவை.

இதனோடு இன்னொரு தடையும் இருந்தது. மோட்டாருக்குச் செல்லும் துடிப்புகள் காலம் தவறாமல் செல்ல வேண்டும். தப்படிப்பவர் தாளம் தவறினால் ஆடுபவரின் காலும் தவறும் அன்றோ? சாதாரணக் கணினி திரையைப் புதுப்பித்தல், கோப்பைப் படித்தல் என்று பல வேலைகளுக்கிடையே துடிப்பைச் சற்றுத் தாமதமாக அனுப்பக்கூடும். அதனைத் தடுக்க, காலந்தவறாமைக்கென மாற்றியமைக்கப்பட்ட லினக்ஸ் கருநிரல் தேவைப்பட்டது. அதனைத் தாமே தொகுத்துப் பதிவது புதியவர்க்கு எளிதன்று.

சுமையைக் குறைத்த வழிகள்

இத்தடைகளை நீக்கத் தன்னார்வலர்கள் மேற்கொண்ட வழிகள் கூர்ந்து கற்கத்தக்கவை. ஒரு கடினமான பொருளை எளியோர் கைக்கு எட்டச் செய்வது எவ்வாறு என்பதற்கு அவை நல்ல எடுத்துக்காட்டு.

முதலாவது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தல். இயங்குதளம், காலந்தவறாக் கருநிரல், மென்பொருள் ஆகிய மூன்றையும் ஒரே வட்டில் அடக்கி வழங்கினர். அவ்வட்டைக் கணினியில் பதியாமலேயே இயக்கிப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 12 இயங்குதளத்தின் தொகுப்பிலேயே லினக்ஸ்-சி.என்.சி. இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டில் காலந்தவறாமைக்கான திருத்தங்கள் லினக்ஸின் முதன்மைக் கருநிரலிலேயே சேர்க்கப்பட்டன. முன்னர் தனியே தேடித் தொகுக்க வேண்டியிருந்தது இப்போது வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

இரண்டாவது, கணினி தகுதியுடையதா என்பதை முன்னதாகவே சோதித்தல். இதற்கென ஒரு சோதனை நிரல் உள்ளது. அதனை ஓடவிட்டு, கணினியில் வேறு பல வேலைகளையும் ஒருசேரச் செய்ய வேண்டும். மிகப் பெரிய தாமதம் எவ்வளவு என்பதை அது காட்டும். 15 முதல் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மிக நன்று. 30 முதல் 50 வரை இருந்தால் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பயன்படுத்தலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்டால், கணினியே நேரடியாகத் துடிப்புகளை உண்டாக்கும் முறைக்கு அது ஏற்றதன்று. அந்நிலையில் துடிப்புகளை உண்டாக்கும் தனி மின்னட்டையைச் சேர்க்க வேண்டும். பணம் செலவழிக்கும் முன்னரே இவ்வுண்மை தெரிந்துவிடுவது பேருதவி.

மூன்றாவது, கேள்வி கேட்டு அமைத்தல். ‘ஸ்டெப்கான்ஃப்’ என்னும் துணைநிரல், ஒரு நல்லாசிரியர் மாணவனிடம் வினவுவது போல ஒவ்வொன்றாகக் கேட்கிறது. மோட்டார் ஒரு சுற்றுக்கு எத்தனை படி? டிரைவரில் படி எத்தனையாகப் பகுக்கப்பட்டுள்ளது? திருகுத்தண்டின் புரியிடை எவ்வளவு? மேசை எவ்வளவு தூரம் ஓடும்? எந்த ஊசியில் எந்தக் கம்பி? நாம் விடையளித்ததும், மேற்கூறிய கோப்புகளை அதுவே எழுதித் தருகிறது. பெயர் பெற்ற டிரைவர் கருவிகள் சிலவற்றின் கால அளவுகளும் அதனுள் பட்டியலாக உள்ளன. ஆகவே, விளக்கப் பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காவது, உடனே சோதித்துப் பார்த்தல். ஓர் அச்சின் எண்களைக் கொடுத்ததும், அந்த அச்சை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க அத்துணைநிரலிலேயே ஒரு பொத்தான் உண்டு. பிழை சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படுகிறது.

ஐந்தாவது, கைத்திருத்தத்தைக் காத்தல். துணைநிரல் மீண்டும் கோப்பை எழுதும்போது, நாம் கையால் சேர்த்தவை அழிந்துபோகும். இதனைத் தவிர்க்க, நம் சேர்க்கைகளுக்கெனத் தனிக்கோப்பு ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. அதனைத் துணைநிரல் தொடுவதில்லை.

கெர்பல் மென்பொருள் வேறொரு வழியில் எளிமையை நாடியது. அதன் அமைவு முழுவதும் எண்ணிட்ட ஒரு சிறு பட்டியலே. “$$” என்று தட்டச்சு செய்தால் பட்டியல் முழுவதும் திரையில் தோன்றும். “$100=320” என்று எழுதினால், எக்ஸ் அச்சிற்கு ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு என்று மின்பலகையிலேயே பதிந்துவிடும். கணினியை மாற்றினாலும் அமைவு மாறாது.

கட்டாயம் கற்கவேண்டிய கணக்கு

துணைநிரல் கணக்கிட்டுத் தருகிறது என்பதற்காக நாம் கணக்கை அறியாதிருத்தல் ஆகாது. இக்கணக்கு ஆரம்பப் பள்ளி மாணவரும் செய்யத்தக்கது.

ஒரு மில்லிமீட்டருக்கு உரிய துடிப்பு = மோட்டாரின் ஒரு சுற்றுக்கு உரிய படி × படிப்பகுப்பு ÷ புரியிடை.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி உடையது. டிரைவரில் ஒவ்வொரு படியும் 8 ஆகப் பகுக்கப்பட்டிருந்தால், ஒரு சுற்றுக்கு 200 × 8 = 1600 துடிப்பு. திருகுத்தண்டு ஒரு சுற்றில் மேசையை 5 மில்லிமீட்டர் நகர்த்துமானால், 1600 ÷ 5 = 320. இதுவே விடை.

நம் இளைஞரின் இயந்திரமும் இத்தகையதே. ஆனால், அவர் எடுத்தாண்ட கோப்போ படிப்பகுப்பு 16 உடைய இயந்திரத்திற்கு எழுதப்பட்டது. அதில் 640 என்று இருந்தது. 120 மில்லிமீட்டர் செல்லக் கட்டளையிட்டபோது, மென்பொருள் 120 × 640 = 76,800 துடிப்புகளை அனுப்பியது. இயந்திரம் அதனை 76,800 ÷ 320 = 240 மில்லிமீட்டராகக் கொண்டது. மேசையின் முழு ஓட்டமே 200 மில்லிமீட்டர்தான். மோதாமல் என்ன செய்யும்? ஒரே ஓர் எண். அதுவும் இருமடங்குப் பிழை.

அவர் முதலில் 10 மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி, வெர்னியர் அளவியால் அளந்திருந்தால், 20 என்று கண்டிருப்பார். பின்னர்த் திருத்தம் எளிது: பழைய எண் × கேட்ட தூரம் ÷ சென்ற தூரம். அஃதாவது, 640 × 10 ÷ 20 = 320.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளக்கும்போது மேசையை எப்போதும் ஒரே திசையிலிருந்து நகர்த்தி அளத்தல் வேண்டும். திசை மாறினால், திருகுக்கும் மரைக்கும் இடையிலுள்ள தளர்வு அளவைப் பிழையாக்கும். அந்தத் தளர்வைச் சரிக்கட்ட மேற்கண்ட எண்ணை மாற்றுவது தவறு.

வேகத்திற்கும் கணக்கு உண்டு. நிமிடத்திற்கு 3,000 மில்லிமீட்டர் என்பது விநாடிக்கு 50 மில்லிமீட்டர். 50 × 320 = 16,000 துடிப்பு ஒரு விநாடியில் செல்ல வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 62.5 மைக்ரோ விநாடிதான் உண்டு. தாமதச் சோதனை ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். 50 மைக்ரோ விநாடி தாமதமாகும் கணினியில் இந்த வேகத்தை எதிர்பார்க்கலாகாது; மோட்டார் படி தவறிவிடும்.

எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு

அமைவு எளிதாக வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும், சில படிகளை எளிமை என்னும் பெயரால் தாண்டிச் செல்லலாகாது. அவற்றுள் தலையானது பாதுகாப்பு.

அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. பொத்தானை அழுத்தியதும் மோட்டார்களுக்கும் வெட்டும் தலைக்கும் செல்லும் மின்சாரமே நிற்குமாறு கம்பியிடுதல் வேண்டும். கணினி உறைந்து நின்றாலும் பொத்தான் வேலை செய்ய வேண்டும். கோடிகளில் எல்லைச் சுவிட்சுகளைப் பொருத்துதலும் இன்றியமையாதது. நம் இளைஞர் இதனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருந்தார்.

நல்ல மென்பொருள் இவ்விடத்தில் சற்றே கண்டிப்புடன் நடந்துகொள்கிறது. கெர்பலில் தொடக்க இடம் தேடும் ஏற்பாடு செயற்படுத்தப்பட்டிருந்தால், மின்சாரம் கொடுத்ததும் அது பூட்டிய நிலையிலேயே இருக்கும். தொடக்க இடத்தைத் தேடிக்கொண்ட பிறகோ, நாமாகப் பூட்டைத் திறந்த பிறகோதான் கட்டளைகளை ஏற்கும். புதியவருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். உண்மையில் அது, தான் நிற்கும் இடம் தனக்கே தெரியாமல் இயந்திரம் ஓடாதிருப்பதற்கான காவல்.

ஆகவே, எழுத்து வேலையையும் கணக்கு வேலையையும் மென்பொருள் நமக்காகச் செய்யட்டும். அளந்து பார்க்கும் வேலையையும் காவல் வேலையையும் அது நம்மிடமிருந்து பறித்தல் கூடாது. எளிமையின் எல்லை இதுவே.

நாம் செய்யத்தக்கவை

இத்துறையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இயந்திரம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ்-சி.என்.சி.யோடு பாவனை அமைவுகளும் வருகின்றன. இயந்திரம் இல்லாமலேயே கட்டளைகளை எழுதி, கருவி செல்லும் பாதையைத் திரையில் காணலாம். வீட்டிலுள்ள பழைய கணினியே தொடக்கத்திற்குப் போதும். தொழிற்கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ செல்லவிருப்போர்க்கு இது நல்ல முன்பயிற்சி.

இயந்திரம் உள்ளவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. மோட்டார், டிரைவர், படிப்பகுப்பு, புரியிடை, ஓட்டம், கம்பி இணைப்பு ஆகிய அனைத்தையும் தமிழிலேயே எழுதி வைக்க. எண்ணை மாற்றும்போது பழைய எண், புதிய எண், மாற்றியதன் காரணம், தேதி ஆகியவற்றையும் குறிக்க. அமைவுக் கோப்பின் படி ஒன்றை வேறிடத்தில் காத்திடுக. ஓராண்டு கழித்து மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அக்குறிப்பேடே உங்களுக்கு ஆசான்.

பிறருக்கு அமைவுக் கோப்பைக் கொடுக்கும்போது, அது எந்த இயந்திரத்திற்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பெறுபவர் ஒவ்வோர் எண்ணையும் தம் இயந்திரத்தோடு ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்துக.

கப்ளிங் உடைந்த இளைஞரைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து, மேற்கண்ட கணக்கை ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தோம். மாலையில் மேசை 10 மில்லிமீட்டர் நகர்ந்து, 10 மில்லிமீட்டரிலேயே நின்றது. அவர் அளவியை மூன்று முறை வைத்துப் பார்த்தார். அந்த நாட்காட்டித் தாளை இன்றும் தம் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். புதிதாகக் கற்க வருவோரை முதலில் அதன்முன் நிறுத்தி, “இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு தம்பி; பிறகு பொத்தானைத் தொடலாம்” என்கிறார்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி உடையது. படிப்பகுப்பு 10. புரியிடை 4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு தேவை?

2. அமைவில் 400 என்று எழுதப்பட்டுள்ளது. 50 மில்லிமீட்டர் செல்லக் கட்டளையிட்டால், மேசை 40 மில்லிமீட்டர் மட்டுமே செல்கிறது. திருத்திய எண் யாது?

3. அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை மட்டும் நம்பியிருத்தல் ஏன் கூடாது?

4. அமைவுத் துணைநிரல் நமக்காகச் செய்யத்தக்க வேலைகள் இரண்டும், நாமே செய்யவேண்டிய வேலைகள் இரண்டும் கூறுக.

(விடைகள்: முதல் வினாவுக்கு 500, இரண்டாம் வினாவுக்கு 500. மற்றவற்றைக் கட்டுரையை மீண்டும் படித்து எழுதிப் பார்க்க.)